நிறம் கொழுப்பைக் கரைக்குமா?

பசு நெய் மஞ்சளா இருக்கு, எருமை நெய் வெள்ளையா இருக்கு. ஏன்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா? ரெண்டும் ஒரே திடல்ல மேயுது, ஒரே புல்லைத்தான் தின்னுது. பச்சைப்புல்லில் கரோட்டின் என்ற மஞ்சள் நிறமி நிறைய உண்டு. எருமை அதைக் கிட்டத்தட்ட முழுசாக வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடுகிறது. பசுவால் அவ்வளவு மாற்ற முடியாது. மிச்சப்படும் நிறமி கொழுப்பில் கரையும் குணம் உடையது என்பதால் பாலின் கொழுப்பிலும் மாட்டின் உடம்புக் கொழுப்பிலும் போய்த் தங்கிவிடுகிறது. கோடையில் புல் காய்ந்து, வெறும் வைக்கோலில் மாடு நிற்கும்போது நெய் வெளுத்துப்போவதை மாடு வைத்திருக்கிற எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கீரை கொத்தித் தின்னும் நாட்டுக்கோழியின் மஞ்சள் கருவும் அதே கதைதான்.

மனுஷனும் இந்த விஷயத்தில் பசு மாதிரிதாங்க. நம் உடம்புக் கொழுப்பும் மஞ்சள் நிறம்தான். முருங்கைக்கீரை, பரங்கிக்காய், பப்பாளி என்று நாம் சாப்பிட்டவற்றின் கரோட்டின் அதில் சேர்ந்து கிடக்கிறது. நம் உடம்பில் இந்த நிறமிக்குப் பெரிய கிடங்கே கொழுப்புத் திசுதான். ஆகவே செடியின் நிறத்துக்கும் நம் தொப்பைக்கும் சம்பந்தம் உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. என்ன சம்பந்தம், எவ்வளவு சம்பந்தம் என்பதில்தான் விவகாரம்.

இதை நான் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் கருப்பு கவுனி. வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு மூன்றரை ஏக்கரில் மரபு நெல் போடுகிறேன். அதில் ஒரு ஏக்கர் கவுனி. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அரிசியை வைத்தால் பத்தில் ஆறு பேர் கேட்கிற முதல் கேள்வி, "சார், இதைச் சாப்பிட்டா உடம்பு குறையுமா?" என்பதுதான். விலை கூட அப்புறம்தான் கேட்பார்கள். பக்கத்துக் கடைகளில் வந்திறங்கும் பாக்கெட்டுகளில் "கொழுப்பைக் கரைக்கும்", "சர்க்கரையை விரட்டும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வந்த ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியர் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் கவுனிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "அய்யா, கருப்பா இருந்தாலும் அது அரிசிதான். மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டரை முதல்ல பாருங்க" என்று சொல்லி, அரை கிலோ மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

கொழுப்பு என்பது வெறும் சேமிப்பா?

என் தொழில் பாஷையில் சொல்கிறேன். வயிற்றிலும் தொடையிலும் இருக்கிற வெள்ளைக் கொழுப்பு பிக்சட் டெபாசிட் மாதிரி. செலவு போக மிஞ்சிய சக்தி அங்கே போய் அடைகிறது. பழுப்புக் கொழுப்பு என்று இன்னொன்று உண்டு. அது செலவுக் கணக்கு. கைக்குழந்தைகளுக்கு நிறைய இருக்கும். குளிர் தாங்குவதற்காகக் கொழுப்பை எரித்து நேராகச் சூடாக்கும். அதன் செல்களில் இரும்புச் சத்துள்ள மைட்டோகாண்ட்ரியா நிறைய இருப்பதால்தான் அந்தப் பழுப்பு நிறம். பெரியவர்களுக்கு இது இருப்பதில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். கழுத்து, காரை எலும்புப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது, அது வேலையும் செய்கிறது என்று 2009-ல் ஸ்கேன் எடுத்துக் காட்டினார்கள்.

ஆனால் பிக்சட் டெபாசிட் உவமை ஓரளவுக்குத்தான் செல்லும். டெபாசிட் சும்மா கிடக்கும். கொழுப்புத் திசு சும்மா கிடப்பதில்லை. பசி அடங்கியது என்று மூளைக்குத் தகவல் அனுப்பும் லெப்டின் என்ற ஹார்மோனை அதுதான் சுரக்கிறது. 1994-ல் அமெரிக்காவில் ஜெப்ரி பிரீட்மன் குழு அதைக் கண்டுபிடித்தது. இன்சுலினுக்குக் கைகொடுக்கும் அடிப்போனெக்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் அங்கிருந்துதான் வருகிறது. செல்கள் அளவுக்கு மீறி ஊதினால் இந்த நல்ல சுரப்பு குறையும், அழற்சியை உண்டாக்கும் பொருள்கள் கூடும். சர்க்கரை வியாதி பலருக்கு இந்த வழியாகத்தான் வருகிறது.

நம்மாட்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயின் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனின் யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. ஆகவே தராசை மட்டும் நம்பாதீர்கள். இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் கவனிக்க வேண்டும். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வில் பெரியவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருந்தது.

எலி சொன்னதும் மனுஷன் சொன்னதும்

நிறமிகள் ஒரே குடும்பம் அல்ல. கவுனி, நாவல்பழம், கத்தரித்தோல் ஆகியவற்றின் ஊதாவும் கருப்பும் அந்தோசயனின். இது தண்ணீரில் கரையும். மாப்பிள்ளை சம்பாவின் சிவப்பு வேறு வகை. துவர்ப்பு தரும் புரோ-அந்தோசயனிடின். பீட்ரூட்டும் சிவப்புத் தண்டுக்கீரையும் பீட்டாலெயின் என்ற தனிக் கூட்டம். மஞ்சளில் குர்குமின். கீரையிலும் கேரட்டிலும் உள்ள கரோட்டின் எண்ணெயில் கரையும். அதனால்தான் கீரையைத் தாளித்துச் சாப்பிடச் சொல்கிறார்கள்.

அந்தோசயனின் பற்றிய பேச்சு சூடு பிடித்தது 2003-ல். ஜப்பானில் சூடா என்ற விஞ்ஞானி ஊதாச் சோளத்தின் நிறமியை எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனியோடு கலந்து 12 வாரம் கொடுத்தார். நிறமி இல்லாமல் அதே தீனி தின்ற எலிகள் கொழுத்தன. நிறமி தின்றவை அந்த அளவுக்குக் கொழுக்கவில்லை, ரத்தச் சர்க்கரையும் ஏறவில்லை. அந்த நிறமியின் முக்கியப் பொருள் சயனிடின்-3-குளுக்கோசைடு. நம் கவுனி மாதிரியான கருப்பரிசிகளில் இருப்பதும் பெரும்பாலும் அதேதான். "கருப்பரிசி கொழுப்பைக் கரைக்கும்" என்ற பேச்சுக்கு இந்த மாதிரி எலி ஆய்வுகள்தான் ஆதாரம்.

இப்போ கணக்கைப் போடுவோம். முப்பத்துச் சொச்சம் வருஷம் கணக்கு பார்த்த கை சும்மா இருக்காது. அந்த எலிகளுக்குக் கொடுத்தது ஒரு கிலோ தீனிக்கு 2 கிராம் நிறமி. ஒருநாளைக்கு அரைக்கிலோ உலர்ந்த உணவு சாப்பிடும் ஆளுக்கு அதே விகிதத்தில் 1 கிராம், அதாவது 1000 மில்லிகிராம் வேண்டும். கலிபோர்னியாவில் விளைந்த ஒரு கருப்பரிசியை 2009-ல் அங்கே சோதித்தபோது 100 கிராம் அரிசியில் இந்த நிறமி சுமார் 57 மில்லிகிராம் இருந்தது. ரகத்துக்கு ரகம் இது மிகவும் மாறும். அந்த அரிசியை அடுப்பில் பாத்திரத்தில் சமைத்தபோது 65 சதவீதம் போனது, ரைஸ் குக்கரில் 74, பிரஷர் குக்கரில் 80. ஆக, குக்கரில் வைத்த நூறு கிராம் அரிசிச் சோற்றில் தட்டுக்கு வந்து சேர்வது 11, 12 மில்லிகிராம். ஆயிரம் எங்கே, பன்னிரண்டு எங்கே? (போனது எல்லாம் வீண் இல்லை. சூட்டில் உடைந்து வேறு ஒரு நல்ல அமிலமாக ஒரு பகுதி மாறுகிறது என்றும் அதே ஆய்வு சொல்கிறது.)

சாப்பிட்டதெல்லாம் உடம்பில் சேர்வதும் இல்லை. 2013-ல் எட்டு ஆண்களுக்கு அடையாளமிட்ட கார்பன் வைத்த இதே நிறமியை 500 மில்லிகிராம் கொடுத்துப் பின்தொடர்ந்தார்கள். உள்ளே உறிஞ்சப்பட்டது என்று கணக்கில் வந்தது சுமார் 12 சதவீதம். அதிலும் பெரும்பகுதி நிறமியாக இல்லை. குடல் பாக்டீரியாக்கள் உடைத்துக் கொடுத்த துண்டுப் பொருள்களாகத்தான் ரத்தத்துக்கு வந்தது. மண்ணில் நுண்ணுயிர் இல்லாமல் எரு வேலை செய்யாது என்பது நமக்குப் புதுசு இல்லை. குடலிலும் அப்படித்தான்.

அமெரிக்காவில் ரொனால்டு பிரையர் குழு 2008-ல் செய்த எலி ஆய்வு இன்னும் சுவாரசியம். புளூபெர்ரி பழத்தில் இருந்து பிரித்தெடுத்த நிறமி எலிகளின் பருமனைக் குறைத்தது. ஆனால் பழத்தை முழுசாக உலர்த்திப் பொடித்துக் கொடுத்தபோது குறையவில்லை. முழு உணவுதான் எப்போதும் மேல் என்று மேடையில் பேசுகிற நமக்கு இது கொஞ்சம் கசப்பான மருந்து. பழத்தில் நிறமியோடு சர்க்கரையும் இருக்கிறது. கவுனியில் நிறமியோடு மாவுச்சத்து இருக்கிறது. நூறு கிராம் அரிசி கருப்பாக இருந்தாலும் வெள்ளையாக இருந்தாலும் ஏறக்குறைய 350 கலோரிதான்.

சரி, மனிதர்களில்? பெரிய ஆய்வு ஒன்று 2016-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்காவில் 1,24,086 ஆண், பெண்களை 24 ஆண்டுகள் வரை கவனித்தார்கள். நிறமிக் குடும்பப் பொருள்களை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு எடை ஏறுவது சற்றுக் குறைவாக இருந்தது. அதில் அந்தோசயனின் முன்வரிசையில் நின்றது. எவ்வளவு குறைவு தெரியுமா? தினம் கூடுதலாக 10 மில்லிகிராம் அந்தோசயனினுக்கு, நான்கு வருஷத்தில் சுமார் 100 கிராம். ஆமாங்க, கிராம்தான். இதுவும் நிறமியால் மட்டும் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. பழம் காய் நிறையச் சாப்பிடுகிறவர்கள் மற்றபடியும் ஒழுங்காக இருப்பார்கள். ஆனால் எனக்கு இந்தச் சின்ன எண் பிடித்திருக்கிறது. நடுவயதில் எடை ஒரேயடியாக ஏறுவதில்லை. வருஷத்துக்குக் கால் கிலோ, அரைக் கிலோ என்று வட்டி மாதிரி ஏறுகிறது. ஏறுகிற வேகம் கொஞ்சம் குறைந்தாலும் இருபது வருஷக் கணக்கில் அது தெரியும். இதற்குப் பெயர் கரைத்தல் இல்லை, அவ்வளவுதான்.

கரோட்டினுக்கு வேறு பாதை. அதை உடம்பு இரண்டாக வெட்டி வைட்டமின் ஏ ஆக்குகிறது; அதில் இருந்து வரும் ஓர் அமிலம் கொழுப்புச் செல் உருவாவதையும் நிரம்புவதையும் கட்டுப்படுத்துகிறது. எலிகளுக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்தால் கொழுப்பு குறைந்தது; வெட்டும் நொதியை நீக்கிய எலிகளில் அந்தப் பலன் வரவில்லை. 2011-ல் வந்த ஆய்வு இது. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் பழுப்புக் கடற்பாசியின் நிறமியான பியூகோசாந்தினைக் கொடுத்தபோது, எலிகளின் வெள்ளைக் கொழுப்பே பழுப்புக் கொழுப்பு மாதிரி சூட்டை உண்டாக்கும் புரதத்தைத் தயாரிக்க ஆரம்பித்தது. டெபாசிட் பணத்தைச் செலவுக் கணக்குக்கு மாற்றியது மாதிரி. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் எலி.

அப்படியானால் நிறமியை மட்டும் பிரித்து மாத்திரையாக்கி நிறைய விழுங்கினால் என்ன என்று என் மகனே கேட்டான். பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தது: 18 சதவீதம் கூடியிருந்தது. மஞ்சளிலும் இப்படி உண்டு. குர்குமின் உடம்பில் எளிதில் சேராது. மிளகின் பைப்பரின் சேர்த்தால் 20 மடங்கு கூடும் என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-ல் காட்டினார்கள். அதை வைத்து வீரியமான மாத்திரைகள் சந்தைக்கு வந்தன. 2019-ல் இத்தாலியில் அப்படிப்பட்ட மஞ்சள் மாத்திரை எடுத்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்து அரசு எச்சரிக்கை விட்டது. குழம்பில் போடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் இந்தப் பயம் வேண்டாம்.

நம் வயலுக்கு என்ன வேலை?

இவ்வளவு சொல்லிவிட்டு, இயற்கை வேளாண்மைக்கு இதில் பங்கே இல்லை என்று விட்டுவிட மாட்டேன். 2014-ல் 343 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இயற்கை முறையில் விளைந்த பயிர்களில் அந்தோசயனின் சராசரியாக 51 சதவீதம் கூடுதலாக இருந்தது. காரணம் நமக்குப் புரிவதுதான். யூரியாவை அள்ளிக் கொட்டினால் செடி இலையும் தண்டுமாக வளர்கிறது. தழைச்சத்து அளவாகக் கிடைத்து, பூச்சியையும் வெயிலையும் தானே சமாளிக்க வேண்டியிருந்தால் நிறமியையும் துவர்ப்பையும் கூடுதலாக உண்டாக்கிக்கொள்கிறது. நிறமி என்பது செடியின் சொந்தப் பாதுகாப்புச் சாமான். நமக்காக அது செய்து வைக்கவில்லை.

கவுனி நீண்ட நாள் பயிர், 150 நாள் பக்கம் வரும், ஆள் உயரம் வளரும். தழைச்சத்து கூடினால் நிறமும் குறையும், பயிரும் சாயும். பால் பிடிக்கும் காலத்தில் இரவு குளிர்ச்சியாக இருந்தால் தவிட்டில் நிறம் நன்றாக ஏறும்; வெக்கையில் குறையும். அதனால் நான் சம்பா பட்டத்தில் மட்டும் போடுகிறேன். நவரையில் போட்டுப் பார்த்த பக்கத்து வயல்காரர், "என்னண்ணே, கருப்பு கவுனி கேட்டா பழுப்பு கவுனி வந்திருக்கு" என்று சிரித்தார்.

சந்தையில் நிற்கும் நண்பர்களுக்கு ஒரு சின்ன உத்தி. அரிசி ஊறிய தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து எலுமிச்சை பிழியுங்கள்; பளிச்சென்று சிவக்கும். இன்னொரு டம்ளரில் சோடா உப்பு போடுங்கள். நீலம், பச்சைப் பக்கம் திரும்பும். அந்தோசயனினின் குணம் அது. செயற்கைச் சாயம் பெரும்பாலும் இப்படி மாறாது. வாங்குகிறவர் கண் முன்னால் செய்து காட்டினால் விளம்பரமே வேண்டாம். "கொழுப்பைக் கரைக்கும்" என்று பையில் அச்சடிப்பதை விடுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடமுண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆறு மாதம் சாப்பிட்டும் தொப்பை குறையாத ஆள் நம் சிவப்பு அவலையும் தூயமல்லியையும் சேர்த்தே நம்ப மாட்டார். என் பையில் ரகத்தின் பெயர், அறுவடை மாதம், தீட்டாத அரிசி, சமைக்கும் முறை, இவ்வளவுதான் இருக்கும்.

சமைக்கும் முறை முக்கியம். ஒருமுறை லேசாகக் கழுவி, இரவே அளவான தண்ணீரில் ஊற வைத்து, அந்தக் கருநீல நீரோடே வேக வைக்கச் சொல்கிறேன். ஊறிய நீரைக் கொட்டினாலும் கஞ்சியை வடித்தாலும் காசு கொடுத்து வாங்கிய நிறத்தை வாய்க்காலில் விடுகிறோம். சோடா உப்பு போடவே கூடாது. அவசரம் இல்லாத வீட்டில் குக்கரை விடப் பாத்திரம் மேல். சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் கொட்டிச் செய்கிற கவுனி இனிப்பு விசேஷத்துக்கு. அது என் வீட்டிலும் நடக்கும், அதைச் சாப்பிட்டுவிட்டு இடுப்பை அளக்கக் கூடாது. தினப்படிக்கு, வழக்கமாகச் சாப்பிடும் சோற்றுக்குப் பதிலாக, அதைவிடக் குறைந்த அளவில் கவுனி. சோற்றுக்கு மேலே இன்னொரு சோறாக இல்லை. தட்டின் பாதி கீரையும் காயும் இருந்தால் மஞ்சள், பச்சை, ஊதா எல்லாம் தானாக வந்துவிடும்.

மில்லில் ஒரு எச்சரிக்கை. நிறமி முழுக்கத் தவிட்டுத் தோலில்தான் இருக்கிறது. உள்ளே அரிசி வெள்ளை. பாலிஷ் ஒரு ஓட்டு ஓட்டினாலே போய்விடும். ரப்பர் ரோலரில் உமியை மட்டும் நீக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்து வாங்கி வருவது என் வழக்கம். புழுங்கல் போடுவதில்லை, வேகிற தண்ணீரில் நிறம் இறங்கிவிடும். தவிட்டோடு இருக்கும் அரிசியில் எண்ணெய் இருப்பதால் இரண்டு, மூன்று மாதத்தில் சிக்கு வாடை வரும். ஆகவே மொத்தமாக அரைத்து அடுக்கி வைக்காமல், நெல்லாகவே குதிரில் வைத்து, சந்தைக்கு வேண்டியதை மாதாமாதம் அரைத்துக்கொள்ளுங்கள்.